ஊசியைக் காட்டி மிரட்டாதீர்கள்: குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்ப மருத்துவர்களுக்கு,

சிறு நகரங்களில் காலையும் மாலையும் கிளினிக் நடத்துகிற உங்களுக்குத்தான் இந்த மடல். சர்க்கரை நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் ஏறுவது உங்கள் படிதான். பலர் கடைசிவரை உங்களிடமே பார்த்துக்கொள்கிறார்கள். நாளமில்லாச் சுரப்பி நிபுணர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே தெரியாமல் இருபது வருஷமாக மாத்திரை விழுங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதனால் இந்த வேண்டுகோளை நிபுணர்களிடம் வைத்துப் பயனில்லை, உங்களிடம்தான் வைக்க வேண்டும்.

முப்பது வயதுக்கு மேல் சர்க்கரை வந்து, மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் அளவு இறங்காமல், உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போகிற ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்ந்தால், "சோற்றைக் குறைத்தீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஜிஏடி ஆன்டிபாடி, சி-பெப்டைடு என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுங்கள். அதுவரை ஊசி என்ற பேச்சை ஒரு மிரட்டலாக எடுக்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. நாற்பதைத் தாண்டிய பிறகு சர்க்கரை என்று தெரிந்தது. அந்த வயதில் வந்ததால் டைப் 2 என்று நோட்டில் எழுதினார்கள். முதலில் மெட்ஃபார்மின், அப்புறம் அதோடு கிளிமிபிரைடு. ஆரம்பத்தில் நன்றாகவே கேட்டது. பிறகு ஒவ்வொரு முறையும் மூன்று மாத சராசரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏற ஏற மாத்திரையின் மில்லிகிராமும் ஏறியது. நான் சோற்றை விட்டேன். ராகிக் களி, கொள்ளு, முளைகட்டிய பயறு என்று மாறினேன். விடியற்காலையில் நடந்தேன். வெந்தயம், ஆவாரம்பூ, பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி என்று உறவுக்காரர்கள் சொன்ன எதையும் விடவில்லை. ரவிக்கைகளை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாயிற்று. முன்னங்கையில் நின்ற வளையல் முழங்கை வரை ஏறியது. சக ஆசிரியைகள் "என்ன டயட் டீச்சர், எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்று கேட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு மாதமும் டாக்டரின் மேசைக்கு முன்னால் உட்காரும்போது கேள்வி மட்டும் மாறவே இல்லை. "என்னம்மா, ஸ்வீட் சாப்பிட்டீங்களா? கல்யாண வீட்டுக்குப் போனீங்களா? இப்படியே இருந்தீங்கன்னா அடுத்த தடவை ஊசிதான்."

டாக்டர்களே, அந்த ஒரு வாக்கியம் கிளினிக்கோடு நிற்பதில்லை, அது வீட்டுக்கும் வருகிறது. உடன் வந்த கணவர் காதில் விழுகிறது. அன்றிலிருந்து என் தட்டை நாலு பேர் பார்க்கிறார்கள். தீபாவளிக்குச் செய்த அதிரசம் எண்ணிக்கையில் குறைந்தால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். மாமியார் சர்க்கரை டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றி வைக்கிறார். பையன், பாவம், அம்மா கண்ணில் படக்கூடாது என்று சாக்லேட்டைப் பள்ளிப் பையில் ஒளித்துக்கொள்கிறான். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. டாக்டர் சொன்னதை நம்பினார்கள். நானே நம்பினேன், பாகற்காய்ச் சாற்றை இன்னும் ஒரு டம்ளர் கூட்டினேன். செய்யாத குற்றத்துக்கு விசாரணைக் கைதியாக ஒரு மனுஷி தன் சொந்தச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள் என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வேறொரு மருத்துவரிடம் போனபோது அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "உங்க குடும்பத்தில யாருக்காவது தைராய்டு உண்டா? தோல்ல வெண்புள்ளி?" என்று கேட்டார். என் அக்காவுக்குத் தைராய்டு. அம்மாவின் இரண்டு கைகளிலும் வெண்புள்ளி உண்டு, சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கைகள். சர்க்கரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஜிஏடி ஆன்டிபாடி மிக அதிகம், சி-பெப்டைடு மிகக் குறைவு. லாடா என்றார்.

நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குப் பாடம் நடத்த நான் யார் என்று தோன்றலாம். ஆனால் இந்த மடலை உங்கள் நோயாளிகளும் படிப்பார்கள். எனவே அவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். லாடா என்பது பெரியவர்களுக்கு மெதுவாக வரும் தன்னெதிர்ப்புச் சர்க்கரை நோய். உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அந்நியர் என்று நினைத்து அழிக்கிறது. அந்தத் தாக்குதலின் அடையாளமாக ரத்தத்தில் தெரிவதுதான் ஜிஏடி ஆன்டிபாடி. குழந்தைகளுக்கு வரும் டைப் 1இல் பெரும்பாலும் வேகமாக நடந்து முடிவது இதில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுக்கும். மிச்சம் இருக்கும் செல்கள் இயங்குகிறவரை மாத்திரையும் கேட்கும். அதனால்தான் டைப் 2 போலவே தெரிகிறது. தைராய்டும் வெண்புள்ளியும் பெரும்பாலும் இதே மண்டலத்தின் பிழையால் வருபவை. ஒன்று இருக்கும் குடும்பத்தில் இன்னொன்று தலைகாட்டுவது வழக்கம்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கணையச் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் டைப் 1 நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதை 1974இலேயே லண்டனில் பொட்டாசோவும் டோனியாக்கும் காட்டினார்கள். ஃபின்லாந்தைச் சேர்ந்த டூமி, ஆஸ்திரேலியாவின் பால் சிம்மெட் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, டைப் 2 என்று கருதப்பட்ட பெரியவர்களில் ஒரு பகுதியினரிடம் ஜிஏடி ஆன்டிபாடி ஒளிந்திருப்பதைக் காட்டி, லாடா என்ற பெயரையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் யுகேபிடிஎஸ் என்ற பிரிட்டனின் சர்க்கரை நோய் ஆய்வில், புதிதாக டைப் 2 என்று கண்டறியப்பட்ட 3672 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 1997இல் வந்த முடிவின்படி பத்தில் ஒருவருக்கு அந்த ஆன்டிபாடி இருந்தது. 25 முதல் 34 வயதுக்குள் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இருந்தது. டைப் 1 குழந்தைகள் நோய் என்ற எண்ணத்தையும் 2018இல் பிரிட்டனில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் உடைத்தார்கள். அறுபது வயதுக்குள் வரும் டைப் 1இல் 42 சதவீதம் முப்பது வயதுக்குப் பிறகே வருகிறது என்று மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

தெரசா மேயின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்தபோது, 56 வயதில், அவருக்கும் முதலில் டைப் 2 என்றுதான் சொன்னார்கள். மாத்திரை கேட்கவில்லை. மறுபடி பரிசோதித்தபோதுதான் டைப் 1 என்று தெரிந்தது. ஒரு நாட்டின் அமைச்சருக்கே முதல் தடவை தவறிய நோய் இது. எங்கள் ஊர்ப் பூக்கடைக்காரருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் யார் இரண்டாவது தடவை பார்க்கப் போகிறார்கள்?

எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையை எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது மலிவானதும் இல்லை. யாருக்கு எழுதுவது என்பதற்கு 2006இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஓர் எளிய வழி சொல்லியிருக்கிறார்கள். ஐம்பது வயதுக்கு முன் நோய் வந்ததா, தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம் என்று அறிகுறிகள் கடுமையாக இருந்தனவா, உடல் நிறை எண் 25க்குக் கீழா, நோயாளிக்கு வேறு தன்னெதிர்ப்பு நோய் உண்டா, குடும்பத்தில் உண்டா என்ற ஐந்து கேள்விகளில் இரண்டுக்கு ஆம் என்று வந்தால் பரிசோதித்துவிடலாம். நம் ஊரில் டைப் 2 நோயாளிகளிலேயே ஒல்லியானவர்கள் ஏராளம் என்பதால், எடை ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கடைசி இரண்டு கேள்விகளுக்குத்தான் இங்கே கனம் அதிகம் என்பது என் கருத்து. அவற்றைத்தான் யாரும் கேட்பதில்லை. கேட்க அரை நிமிடம் போதும்.

ஒல்லி என்றதும் லாடா என்று முடிவு கட்டவும் வேண்டாம். கணையத்தில் கல் சேர்ந்து வரும் சர்க்கரை நோய் தென்னிந்தியாவில் நெடுங்காலமாக உண்டு. சிறுவயதுச் சத்துக்குறைவால் வருவதை டைப் 5 என்று 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின்னால் வேலூர் சிஎம்சி மருத்துவர்களின் பல வருஷ உழைப்பு இருக்கிறது. இத்தனை வகை இருக்கும் மண்ணில் முகத்தைப் பார்த்து வகை சொல்ல முடியாது என்பதுதான் பரிசோதனை கேட்பதற்கு இன்னொரு காரணம்.

சி-பெப்டைடு பற்றி ஒரு வார்த்தை. கணையம் இன்சுலினைச் செய்யும்போது, அதோடு அதே அளவில் சி-பெப்டைடும் பிரிந்து வெளியே வருகிறது. கடையில் வாங்கிப் போடும் இன்சுலினில் இது கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொள்கிறவருக்கும் சொந்தக் கையிருப்பு எவ்வளவு என்று இந்த அளவு சொல்லிவிடும். 2020இல் சர்வதேச நிபுணர்கள் ஒன்றுகூடி எழுதிய லாடா வழிகாட்டியில், லிட்டருக்கு 0.3 நானோமோலுக்குக் கீழே போனால் டைப் 1 போலவே முழு இன்சுலின் தேவை என்றார்கள். 0.7க்கு மேல் இருந்தால் இப்போதைக்கு மாத்திரையே போதும், ஆனால் மறுபடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இடைப்பட்டவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு செய்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். ஆன்டிபாடி இருக்கிறது என்றதும் அன்றே ஊசி என்று பயப்பட வேண்டியதில்லை என்பதையும் உங்கள் நோயாளிக்குச் சொல்லுங்கள்.

வகை தெரியாமல் எழுதும் மாத்திரையால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். கிளிமிபிரைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைப் பிழிந்தெடுப்பவை. செல்கள் செத்துக்கொண்டிருக்கும் கணையத்துக்கு அதைக் கூட்டிக்கொண்டே போவது, நுகத்தடியில் சாய்ந்துவிட்ட மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதுதான். ஜப்பானில் நடந்த டோக்கியோ ஆய்வு, இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அந்த வகை மாத்திரையைவிடச் சீக்கிரமே தொடங்கிய இன்சுலின் மிச்ச செல்களைக் காத்தது என்று 2008இல் சொன்னது.

அதைவிட எனக்குப் பயம் தருவது டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை. இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தபின் விலை இறங்கி, எங்கும் எழுதப்படுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்சுலின் சுரப்பு வற்றிப்போனவருக்கு அதைக் கொடுத்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். 2015இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று அவர் உங்களிடம்தான் வருவார். குளுக்கோமீட்டர் 180 காட்டும். கேஸ் தொல்லை என்று அனுப்பிவிட எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கீட்டோன் பார்க்காமல் அனுப்பிவிட்டால் உயிரே போகலாம். இந்த ஒரு பத்தியை மட்டுமாவது தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஊசிக்கு வருகிறேன்.

"ஊசிதான் இனி" என்று அந்த இரண்டாவது மருத்துவர் சொன்னபோது நான் அழுதேன். ஊசி வலிக்குமே என்று இல்லை. பல மாதங்களாகத் தண்டனை என்று காட்டிக்கொண்டே வந்த ஒன்று கடைசியில் வந்தேவிட்டதே என்றுதான். எங்கள் ஊரில் இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம். தாத்தாவுக்கு ஊசி ஆரம்பித்தார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார் என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். கால் கறுத்து, சிறுநீரகம் கெட்டு, எல்லாம் முற்றிய பிறகு தாமதமாக ஊசி தொடங்கியதால் வந்த கதை அது. தாமதத்துக்குக் காரணம் பயம். அந்தப் பயத்தில் ஒரு பங்கை உங்கள் மேசையிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறோம்.

அந்த மருத்துவரின் கிளினிக்கில் இருந்த நர்ஸ் தங்கை ஒருத்தி எனக்காகக் கால் மணி நேரம் ஒதுக்கினாள். இன்சுலின் பேனாவை என் கையிலேயே கொடுத்தாள். 4 மில்லிமீட்டர் ஊசி. அதைத் திருகி மாட்டி, இரண்டு யூனிட் வைத்து மேல்நோக்கி அழுத்தச் சொன்னாள். நுனியில் ஒரு சொட்டு நின்றது. "சொட்டு வந்தா காத்து இல்லக்கா, இப்ப போடலாம்" என்றாள். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நேராகக் குத்தி, பொத்தானை அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். எடுத்தேன். எறும்பு ஊர்ந்த அளவுகூட இல்லை. ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கட்டி விழும், மருந்து சரியாக ஏறாது என்று வயிற்றில் பேனாவால் நாலு கட்டம் வரைந்து காட்டினாள். மருந்தைவிட அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

அந்தக் கால் மணி நேரம் கிடைக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் குப்பி மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் வருவது மில்லிக்கு 100 யூனிட், 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மருந்துக் கடையில் சிவப்பு இல்லை, இதைப் போட்டுக்கோங்க என்று ஆரஞ்சைக் கொடுத்துவிட்டால், பத்துக் கோட்டில் இழுத்தவருக்கு உண்மையில் ஏறுவது நாலு யூனிட்தான். இதுவே தலைகீழாகி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்துவிட்டால், இரண்டரை மடங்கு ஏறி மயக்கம் போட்டு விழுவார். சீட்டில் யூனிட்டை எழுதும்போது மூடியின் நிறத்தையும் எழுதுங்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஈர மணல் பரப்பிய மண்பானை போதும் என்று சொல்லிக் கொடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்துபோன மருந்தைத் தூக்கிப் போடத்தான் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். சுகர் இறங்கினால் என்ன செய்வது என்பது எல்லாவற்றிலும் முக்கியம். எனக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கி, எழுத்து கோணி, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தங்கை சொல்லியிருந்ததால் சமாளித்தேன். இப்போது என் மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது. அது எதற்கு என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இன்சுலின் எனக்கு என்ன செய்தது என்றும் கேளுங்கள். ராத்திரியில் நாலு தடவை எழுந்து போவது நின்றது. எடை திரும்பியது. பிடித்துத் தைத்த ரவிக்கைகளைப் பிரித்தாயிற்று. அளந்து போட்ட சோறு தட்டுக்கு வந்தது, அதோடு ரசமும் வந்தது. சர்க்கரை டப்பாவை மாமியாரே பழைய இடத்தில் வைத்தார்.

ஊசி என்றால் முடங்கிப்போவோம் என்று நினைக்கும் இளைஞர்களிடம் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமைப் பற்றிச் சொல்லுங்கள். 1997இல், முப்பது வயதை ஒட்டி, அவருக்குச் சர்க்கரை நோய் வந்து இன்சுலின் தொடங்கினார்கள். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவை 12 ரன் வித்தியாசத்தில் வென்ற பாகிஸ்தான் அணிக்கு அவர்தான் தலைவர். தோற்ற வலியோடும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியபோது, அணியோடு மைதானத்தைச் சுற்றி ஓடியவர் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்.

அரசு மருத்துவர்களுக்கும் ஒன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு அது வரம். அதே வாசலில் எடை பார்க்கும் கருவியையும் ஒரு நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். மாத்திரை கூடிக்கொண்டும் எடை குறைந்துகொண்டும் வரும் பெயர்களைத் தனியே குறித்து, மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். ஜிஏடி பரிசோதனை அங்கே இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் மேலே எடுபடும்.

தனியாகக் கிளினிக் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே உங்கள் சர்க்கரை நோயாளிகளின் நோட்டுகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். மூன்று மாத்திரையிலும் இறங்காதவர், இளைத்துக்கொண்டே வருகிறவர், தைராய்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் யாராவது இருப்பார். அவருக்கு ஃபோன் போட்டு வரச் சொல்லுங்கள். கூடவே வீட்டு ஆள் ஒருவரையும் வரச் சொல்லி, இது இவர் சாப்பாட்டால் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம் என்று அவர்கள் இருவர் முன்னாலும் சொல்லிவிட்டு, பரிசோதனைச் சீட்டை எழுதுங்கள்.

இப்படிக்கு,

ஒரு பள்ளி ஆசிரியை